சிறு கடைக்கு ஓர் இலச்சினை

சங்க மலரைக் கையில் எடுப்போர் கட்டுரைகளையும் கவிதைகளையும் நாடிச் செல்வர். பின்னே வரும் விளம்பரப் பக்கங்களை விரைந்து புரட்டிவிடுவர். அது இயல்பே. ஆயினும், இம் மும்பை மாநகரில் மலருக்கு விளம்பரம் திரட்டும் பொறுப்பு பல ஆண்டுகளாகக் கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரிடமே விடப்பட்டிருப்பதால், அப்பக்கங்களே எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடமாயின. நகைக் கடைகள், உணவு விடுதிகள், மருந்தகங்கள், பயண நிறுவனங்கள் எனப் பலவகைக் கடைகளின் இலச்சினைகள் எங்கள் கைகளின் வழியே அச்சகத்திற்குச் சென்றுள்ளன. ஏழு வண்ணங்களில் வந்தது கறுப்பு வெள்ளையில் அச்சேறும்போது என்ன ஆகிறது, முழுப் பக்கத்திற்கு வரைந்தது கால் பக்கத்தில் எப்படிச் சுருங்கிப்போகிறது என்பவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சில அச்சின் மையில் கரைந்து வெறும் கறையாகிவிடும். சிலவோ நகத்தளவே ஆனாலும் துலங்கி நிற்கும். துலங்கி நின்றவற்றுட் பெரும்பாலானவை, வரைவதற்கு மிக எளியனவாகவே இருந்தன.

இலச்சினை என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று எண்ணுவோர் உளர். தமிழ் படித்தோர்க்கு அவ்வெண்ணம் எழாது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில், கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் செல்லும் பண்டப் பொதிகளின்மீது சோழனின் புலிச்சின்னத்தைப் பொறித்து அனுப்பிய செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. எழுத்தல்லாத குறிகளும் காணப்படுகின்றன. பிற்காலத்தில் மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிப் பொதிகளில் வண்ணப் படச்சீட்டுகளை ஒட்டி அனுப்பின. நம் பாட்டிமார் கடைக்குச் சென்று யானை மார்க், மான் மார்க் என்று கேட்டுப் பொருள் வாங்கியதை நம்மிற் பலர் அறிவோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தாம் வேண்டிய பொருளையே தவறாமல் பெற்றுவர அந்த யானையும் மானும் துணைநின்றன.

இந்நகரிலேயே அதற்கு ஒரு சிறந்த சான்று நாள்தோறும் நம் கண்முன் செல்கிறது. 1890ஆம் ஆண்டளவில் தொடங்கிய டப்பாவாலாக்களின் தொழிலைச் சொல்கிறோம். உணவுப் பெட்டியின் மூடியில் வண்ணத்தாலும் எழுத்தாலும் எண்ணாலும் இடப்பட்ட சில குறிகளே, அது எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது, எந்த நிலையத்தில் இறக்கப்பட வேண்டும், எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடிக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. சலவைத் தொழிலாளர் துணியின் ஓரத்தில் இடும் குறியும் அத்தகையதே. இரண்டு கோடும் ஒரு புள்ளியும்தான். எத்தனை வெளுப்புக்கும் அழியாது, அடுத்த வீட்டுத் துணியோடு கலக்கவும் விடாது. அழகுக்கென்று இட்டதன்று அது. ஆயினும் ஓர் இலச்சினைக்குரிய இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அது சுருக்கமானது, பிறவற்றினின்று வேறுபட்டது, நீடித்து நிற்பது, விரைந்து செல்வோர் கண்ணுக்கும் தப்பாதது.

இவற்றையெல்லாம் நாங்கள் ஒழுங்குபடுத்திச் சிந்திக்கும் தேவை 2022ஆம் ஆண்டில் நேர்ந்தது. செம்பூரில் எங்கள் எதிர்வீட்டில் வாழும் சகோதரி ஒருவர் அதற்கு முந்திய ஆண்டில் கணவரை இழந்தார். கல்லூரியில் பயிலும் மகன் ஒருவன். கணவரின் சேமநல நிதியாக வந்த தொகையில் ஒரு பகுதியை வைப்புநிதியில் இட்டுவிட்டு, எஞ்சியதைக் கொண்டு சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கத் துணிந்தார். அவருடைய கைப்பக்குவத்தை எங்கள் குடியிருப்பு முழுதும் அறியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி வறுக்கக் கணவர் அரைத்துச் சலித்துப் பொட்டலம் கட்டி, மேலே தம் கையெழுத்தில் பெயரெழுதி, வேண்டியவர்க்குக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. அன்று விருப்பமாய்ச் செய்தது இன்று பிழைப்பாக வேண்டிய நிலை. தெரிந்தவர் முகத்துக்காக வாங்குவோரை நம்பி ஒரு தொழில் நிற்காது. அவர் முகமறியாத கடைகளில், முகமறியாதவர் கைகளில் அப்பொட்டலம் சேர வேண்டும். “அண்ணா, அண்ணி, நீங்கள் எத்தனையோ கடைகளின் விளம்பரம் பார்த்தவர்கள். எனக்கு ஒரு நல்ல மார்க் அமைத்துத் தர வேண்டும்” என்று வந்து நின்றார்.

அதற்குள் அவர் விளம்பர நிறுவனம் ஒன்றினையும் அணுகியிருந்தார். அவர்கள் அறுபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். மாதிரியாக, சுழன்றெழும் பச்சை இலை ஒன்றைக் காட்டினார்கள். அவ்விலை தேயிலைக்கும் பொருந்தும், சோப்புக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும். மகனோ கணினியிடம் கேட்டு ஒரு மாலைப் பொழுதில் நாற்பது சின்னங்கள் கொண்டுவந்தான். அவை கண்ணுக்கு இனியனவே. ஆனால் அவனுக்கு வரைந்து தந்ததைப் போன்ற ஒன்றை மற்றொருவருக்கும் கணினி வரைந்து தராது என்பதற்கு உறுதி இல்லை. மாவரைக்கும் இயந்திரத்திற்கே கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கும் ஒருவர் அறுபதாயிரத்தை ஓர் இலைக்குக் கொடுப்பதும் தகாது. எவர்க்கும் உரியதாகக்கூடிய ஒன்றைத் தம்முடையதென்று நம்பி இறங்குவதும் தகாது. ஆகவே வரைவதைச் சிறிது ஒத்திவைப்போம், முதலில் பார்ப்போம் என்று கூறினோம்.

பார்ப்பதென்றால் கடை அலமாரிகளைப் பார்ப்பது. மூவருமாக மாதுங்கா, சயான், காட்கோபர் ஆகிய இடங்களில் உள்ள கடைகளுக்குச் சென்று, பொடிப் பொட்டலங்கள் அடுக்கிய தட்டுகளின் முன் நின்றோம். புதிதாகத் தொழில் தொடங்குவோர் ஒவ்வொருவரும் காகிதத்தைத் தொடுமுன் இதைச் செய்தல் நன்று. இலச்சினையை வெள்ளைத் தாளின் நடுவே தனியாக வைத்துப் பார்ப்பவர் அதன் உரிமையாளர் ஒருவரே. வாங்குபவர் அதை ஐம்பது பொட்டலங்களின் நடுவே, அரைகுறை வெளிச்சத்தில், நான்கடி தொலைவில், நின்று நோக்க நேரமின்றிப் பார்க்கிறார். தட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் சிவப்பும் பச்சையுமாக இருந்தன. கோபுரம், குத்துவிளக்கு, தென்னை, தலைவாழையிலை என்பன மீண்டும் மீண்டும் வந்தன. தமிழகத்துப் பொருள் என்பதை அறிவிக்க அவை போதும். ஆனால் தமிழகத்துப் பொருள்களுள் எவருடையது என்று அறிவிக்க அவற்றால் ஆகாது. இனம் காட்டுவது வேறு; ஆளைக் காட்டுவது வேறு. இலச்சினையின் வேலை பின்னதாகும்.

தெய்வத் திருவுருவம் வைக்கலாமே என்று குடியிருப்பில் சில பெரியோர் கூறினர். பக்தியில் குறையில்லை. எனினும் பொட்டலம் காலியானபின் அது எங்கே போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றியும், எல்லார்க்கும் பொதுவான பெயரை ஒருவர் தனியுடைமை ஆக்கிக்கொள்வது எளிதன்று. ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தமக்கே உரிய வணிகக் குறியாகக் கோரிய வழக்கொன்றில், புனித நூலின் பெயரை அவ்வாறு ஒருவர் உரிமை கொண்டாட இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. தலைவர்களின் உருவங்களுக்கும் தடை உண்டு. நாட்டின் சிங்கமுகச் சின்னம், காந்தியடிகள், சத்ரபதி சிவாஜி முதலியோரின் பெயர், உருவம் ஆகியவற்றை வணிகத்திற்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் பற்றிய சட்டம் தடுக்கிறது. பெருமைக்குரியவை எல்லாம் நம் கடைக்கு உரியவை ஆகிவிடா.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமீது வைத்தார். கணவரின் படம். “இவர் முகத்தையே வைத்தால் என்ன?” என்றார்.

நிறுவனரின் முகத்தை இலச்சினையாக்குவது நம் நாட்டுக் கடைகளில் புதிதன்று. அதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. இன்னார் செய்தது என்று முகம் காட்டிச் சொல்வதற்கு நேர்மை வேண்டும். ஆனால் இந்த வேண்டுகோளில் வணிகம் சிறிதும் இல்லை என்பதை நாங்கள் உணர்ந்தோம். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. மகன் அப்படத்தை எடுத்துச் சென்று, நூறு கிராம் பொட்டலத்தின் முகப்பில் எத்தனை இடம் கிடைக்குமோ அத்தனை அளவிற்குச் சுருக்கிப் படியெடுத்து வந்தான். பொட்டலத்தின் முகப்பு முழுவதும் நமக்கு உரியதன்று. பொருளின் பெயர், எடை, சைவக் குறி போன்றவற்றுக்கு அங்கே இடம் விட வேண்டும். விலை, நாள், சேர்பொருள்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் ஆகியவையும் பொட்டலத்தில் எங்கேனும் இடம்பெற்றாக வேண்டும். எஞ்சியது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அந்த அளவில் கண்ணாடி அணிந்த அந்த முகம் இரண்டு கரும்புள்ளிகளாகவும் ஒரு நிழலாகவும் மட்டுமே தெரிந்தது. சகோதரி அத்தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “அவராகத் தெரியவில்லை” என்றார். தாளை மடித்து, படத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின் பேச்சு வேறு வழியில் திரும்பியது. முகத்தை விடுத்தால், இத்தொழிலுக்கே உரிய பொருள் எது? அம்மி, உரல், உலக்கை என்று அடுக்கினோம். இயந்திரத்தில் அரைப்பதற்கு அம்மியின் படத்தை இடுவது பொய்யாகும். இலச்சினை மிகைப்படுத்தலாம் என்று சிலர் கருதுவர். எங்களுக்கு அது உடன்பாடன்று. அப்போது சகோதரியின் அடுக்களையில் அடுப்பருகே இருந்த அஞ்சறைப் பெட்டியின்மீது எங்கள் பார்வை சென்றது. மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வட்டம். உள்ளே சில சிறு வட்டங்கள். அவ்வளவே. இதற்கு மும்பையில் மற்றொரு சிறப்பும் உண்டு. மராத்தியர் வீட்டிலும் குஜராத்தியர் வீட்டிலும் மசாலா டப்பா என்னும் பெயரில் இதே பெட்டி இருக்கிறது. தமிழ் அறியாத பெண்ணும் அதைப் பார்த்தவுடனே தன் அடுக்களைப் பொருள் என்று அறிந்துகொள்வாள். நம்முடையதாகவும் இருந்து அயலார்க்கும் விளங்குவதாகவும் இருப்பதே வேற்று மாநிலத்தில் கடை வைப்போர் தேட வேண்டிய சின்னம்.

எங்களுக்குத் தெரிந்த, வணிகக் கலை பயிலும் இளைஞர் ஒருவர் அதை வரைந்து தந்தார். கடையில் விற்கும் பெட்டிகளில் ஏழு கிண்ணங்கள் இருப்பதுண்டு; ஏழும் சிறிய அளவில் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அஞ்சறை என்ற பெயருக்கு ஏற்ப ஐந்தாகக் குறைத்தபோது காற்றோட்டம் கிடைத்தது. ஆனால் ஐந்தும் ஒரே தன்மையாக இருந்தால் அது ஒரு பூவாகவும் தோன்றலாம், பகடையாகவும் தோன்றலாம். ஏதேனும் ஒன்று வேறுபட வேண்டும் என்றார் இளைஞர். அவர் முதலில் அமைத்த வழி, ஒரு கிண்ணத்தை மட்டும் மிளகாயின் செம்பழுப்பு நிறத்தில் தீட்டி, முழுவதையும் ஒரு சதுரச் சட்டத்துக்குள் வைப்பது. மேசையில் அது மிக அழகாக இருந்தது.

அம்மாதிரியை எடுத்துக்கொண்டு காட்கோபரில் ஒரு குஜராத்திக் கடைக்காரரிடம் சென்றோம். அவர் சமண சமயத்தவர். பொட்டலத்தைக் கையில் வாங்காமலே, “இது அசைவமா?” என்று கேட்டார். எங்களுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பின்னரே புரிந்தது. உணவுப் பொட்டலங்களில் சைவத்திற்குப் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இடுவது போல, அசைவத்திற்குச் செம்பழுப்புச் சதுரத்துள் செம்பழுப்பு வட்டம் இடுவது நெடுநாள் வழக்கம். 2020ஆம் ஆண்டின் விதிமுறைகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றிவிட்டன. எனினும் மக்கள் கண்ணில் பதிந்த பழைய வட்டம் விதிமுறையால் அழிந்துவிடாது. பருப்பும் மிளகாயும் மட்டுமே கொண்ட ஒரு பொடி, ஒரு நிறத்தாலும் ஒரு சட்டத்தாலும் அந்த வீதி முழுவதிலும் விலக்கப்பட்டிருக்கும். வரைந்தவர் நோக்கம் வேறு. கண்டவர் கொண்ட பொருள் வேறு. இலச்சினையில் கண்டவர் கொள்ளும் பொருளே பொருள். அக்கடைக்காரரின் ஒரு கேள்வி எங்களுக்கு அறுபதாயிரத்தினும் மதிப்புடையதாயிற்று.

சட்டமும் செம்பழுப்பும் நீங்கின. மஞ்சள் நிறப் பையின்மேல் கருநீலம் ஒன்றே போதும் என முடிவாயிற்று; சிவப்பும் பச்சையுமான தட்டில் அது தனித்துத் தெரியும். அச்சிலும் இது சிக்கனம். பெரும் அளவில் பைகளை அச்சிடும் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை செய்ய வேண்டியிருப்பதால், நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். தொடக்கத்தில் ஒரு நிற ஒட்டுச்சீட்டே சிறு தொழிலுக்குத் தக்கது. ஐந்தில் ஒன்று வேறுபட வேண்டுமே என்ற கேள்வி எஞ்சியது. சகோதரி தாளின்மேல் விரலை வைத்து, “இந்த ஒன்று வெறுமையாக இருக்கட்டும்” என்றார். நான்கு நிறைந்த வட்டங்கள். ஒன்று வெறும் கோடாலான வளையம். பார்வை அந்த வளையத்தில்தான் சென்று நிற்கிறது, அமைப்பு சரியாக வந்துவிட்டது என்று இளைஞர் மகிழ்ந்தார். ஏன் வெறுமை என்று அவர் கேட்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

முடிவு செய்யுமுன் சில சோதனைகள் வைத்தோம். அவற்றை இங்கே கூறுவது பிறர்க்கும் பயன்படக்கூடும். முதலாவது, கறுப்பு மை ஒன்றினால் மட்டும் அச்சிட்டுப் பார்த்தல். நிறத்தை நீக்கினால் உயிர் போய்விடும் சின்னம் நாளிதழிலும் ரசீதிலும் உயிர் வாழாது. இரண்டாவது, ரப்பர் முத்திரையாக வெட்டி மைதொட்டுக் குத்திப் பார்த்தல். மூன்றாவது, சுவரில் ஒட்டிப் பத்தடி பின்சென்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தல். நான்காவது, கைப்பேசியின் வாட்ஸ்அப்பில் ஒரு சிறு வட்டத்துள் அடக்கிப் பார்த்தல். இன்று பல இல்லத்தரசிகள் பொடிக்கு முன்பதிவு செய்வது அவ்வழியில்தான். வட்டமான பெட்டி அவ்வட்டத்துள் இயல்பாகவே அடங்கியது. கடைசிச் சோதனைக்கு எங்கள் பேத்தியை அழைத்தோம். அரை நிமிடம் காட்டிவிட்டு மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொன்னோம். வட்டமும் ஐந்து கிண்ணங்களும் வந்தன. வெறும் வளையமும் மறக்காமல் வந்தது. ஒரு குழந்தை நினைவில் வைத்து வரையக்கூடியதே மக்கள் நினைவில் நிற்கும் என்பது எங்கள் துணிபு.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழர் தமிழில் பெயர் எழுத விரும்புவது இயல்பே; அது வேண்டும். ஆனால் நம் எழுத்துகளில் சுழிகள் பல. ணகரமும் ஐகாரமும் அடுத்தடுத்து வரும் பெயரைச் சிறிய அளவில் அச்சிட்டால் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். மெல்லிய, அணிவேலை மிகுந்த எழுத்தை விடுத்துத் தெளிவான எழுத்தைத் தேர்வது நலம். மகாராட்டிரத்தில் கடைப் பலகையில் தேவநாகரி எழுத்தில் மராத்திப் பெயர் இருக்க வேண்டும், அது பிறமொழி எழுத்தினும் சிறியதாக இருத்தலாகாது என்ற விதி, 2022இல் செய்த திருத்தத்தால் சிறு கடைகளுக்கும் உரியதாயிற்று. ஆகவே மூன்று எழுத்து வடிவங்களுக்கு நடுவே ஒன்றாக நின்று இணைக்கும் சின்னம் ஒன்று இன்றியமையாதது. எழுத்துகள் மாறும், சின்னம் மாறாது. இருமொழி மக்களுக்கு ஒரு குறி அமைத்த அருஞ்செயலுக்கு நம் கையிலுள்ள ரூபாய்க் குறியே சான்று. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆய்ந்த தமிழரான த. உதயகுமார், தேவநாகரி ரகரத்தையும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி அமைத்த வடிவத்தை 2010 சூலை 15இல் நடுவண் அமைச்சரவை ஏற்றது. பள்ளிப் பிள்ளை ஒருவன் மூன்று கோட்டில் எழுதிவிடும் எளிமையே அதன் வெற்றி.

வரைந்ததைக் காத்துக்கொள்வதும் வரைவதைப் போன்றதே. இளைஞருக்குத் தகுந்த ஊதியம் கொடுத்து, அவ்வடிவத்தின் உரிமையைச் சகோதரிக்கு அளித்ததாக எழுத்தில் பெற்றுக்கொண்டோம். நட்பின்பால் வாய்மொழியாக விட்டவை பின்னாளில் வழக்காவதுண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாத வகைக் கணினிக் கோப்பாக அதை வாங்கி வைத்தோம். பின்பு வணிகக் குறிப் பதிவுக்கு விண்ணப்பித்தோம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலைப் பொருள்கள் 30ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. தனியாளும் சிறு தொழில் முனைவோரும் கணினி வழி விண்ணப்பிக்கையில், 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். விண்ணப்பிக்குமுன் அதுபோன்ற குறி முன்பே உள்ளதா என்று பதிவகத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பதிவானால் பத்தாண்டு உரிமை. பின் பத்துப் பத்தாண்டாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். பதிவாகுமுன்னரே வட்டத்துள் ‘ஆர்’ எழுத்தை இட்டுக்கொள்வாரும் உளர். அது சட்டப்படி தவறு.

இத்தனையும் செய்தபின் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சின்னம் தானாக எதையும் பேசுவதில்லை. இங்கிலாந்தில் வணிகக் குறிப் பதிவு 1876இல் தொடங்கியபோது முதலில் பதிவானது ஒரு மதுபான ஆலையின் சிவப்பு முக்கோணம். நம் நாட்டில் 1960களிலிருந்து தலைகீழான சிவப்பு முக்கோணம் குடும்பநலத் திட்டத்தைக் குறித்தது. வடிவமும் நிறமும் ஒன்றே. நிரம்பிய பொருள் வேறு. பாரத ஸ்டேட் வங்கிக்கு 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்த நீலவட்டம் அந்நகரின் காங்கரியா ஏரியே என்று மக்கள் கதை சொல்வதுண்டு; சாவித்துளை என்பாரும் உண்டு. எளிய பாத்திரத்தில் மக்கள் தங்கள் பொருளை ஊற்றிக்கொள்கிறார்கள். அதில் நற்பெயரை ஊற்றுவதா, கெடுபெயரை ஊற்றுவதா என்பது கடைக்காரர் கையில் உள்ளது. இலச்சினை நன்றாக இருந்து பொருள் கெட்டிருந்தால், எதை மறுபடி வாங்கக்கூடாது என்பதை மக்கள் தவறாமல் அடையாளம் கண்டுகொள்வதற்கே அது உதவும்.

அந்தச் சகோதரியின் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே நாங்கள் எழுதவில்லை. விளம்பரத்திற்கு வேறு பக்கங்கள் உண்டு. தொழில் பெரிதாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். மகனின் கல்லூரிக் கட்டணம் தடையின்றிக் கட்டப்படுகிறது, காட்கோபர்க் கடைக்காரர் தம் தட்டில் இடம் கொடுத்திருக்கிறார், அவ்வளவே. பெயரை உச்சரிக்க வராத மராத்தியப் பெண்கள் அங்கே வந்து, ஐந்து வட்டப் பொடி என்று தங்கள் மொழியில் கேட்கிறார்களாம். யானை மார்க், மான் மார்க் என்று கேட்ட நம் பாட்டிமாரின் வழி இன்னும் அழிந்துவிடவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அன்று வறுத்த கொத்துமல்லி சற்றுக் கருகிவிட்டது; ஆறு கிலோ அளவு அரைத்தாகிவிட்டது. நாங்கள் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துப் பார்த்தோம். குறை ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை. “யார் கண்டுபிடிப்பார்கள்?” என்றான் மகன். சகோதரி விடை கூறவில்லை. ஒட்டுச்சீட்டு ஒட்டி வரிசையாக வைத்திருந்த அறுபது பைகளைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு பொடி முழுவதையும் ஒரு பழைய சாக்கில் கொட்டிக் கட்டி ஓரமாக நிறுத்திவிட்டு, காலிப் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுநாள் வறுவலுக்கென்று அலமாரியில் எடுத்து வைத்தார்.